மட்டைக் கிரீடம்

எம்பிலிப்பிட்டிய சந்தியில் நின்றால் ஒரே வீதி இரண்டு உலகத்துக்குப் போகிறது. மேலே கொடகவெல, மாதம்பை தாண்டினால் ரக்வானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்கள். கீழே நோனாகம. அங்கிருந்து கடலோரமாக மேற்கே போனால் மிரிஸ்ஸ, அம்பலாங்கொடை, பலப்பிட்டிய. முகமூடியும் பொம்மலாட்டமும் பிழைப்பாகிப்போன ஊர்கள்.

முகமூடிக்குக் கதுரு மரம்தான். சதுப்பில் வளர்வது, இலேசானது. இரவு முழுக்க ஆடுகிறவனின் கழுத்து தாங்க வேண்டுமே! கட்டையைப் புகையில் காயவைத்துச் செதுக்குவார்கள். முன்பெல்லாம் சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு ஹிரியல். ஹிரியல் வேறொன்றுமில்லை, நம் அரிதாரம்தான். கூத்தாடி முகத்தில் பூசியதாகச் சொல்லப்படும் அதே பொருள் அங்கே மரத்தில் ஏறியிருக்கிறது. சன்னி ஆட்டத்துக்கு 18 முகங்கள். செவிட்டுக்கு ஒன்று, குருட்டுக்கு ஒன்று, ஊமைக்கு ஒன்று. நோயை எதிரே அழைத்து, ஆடவிட்டு, பகடி பண்ணி அனுப்பிவிடுகிற வைத்தியம்.

அங்குள்ள நூல் பொம்மைக்கு ரூகட என்று பேர். அதை ஆட்டுபவர்கள் கம்வாரி வழிவந்த குடும்பத்தார். 2018இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் இந்தக் கலையைச் சேர்த்தது. இவர்களுடைய பேர்பெற்ற ஆட்டம் எஹெலேபொல நாடகம. நாடகம என்ற சொல்லே தமிழ்க் கூத்திலிருந்து போனது. அதில் கொடுங்கோலனாக வரும் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனோ, கண்ணுசாமி என்ற நாயக்கர் வம்சத்துப் பிள்ளை. 1815இல் பிடிபட்டு, வேலூரில் சிறையிருந்து செத்தவன். அவனை மரத்தில் செதுக்கி, நூல் கட்டி இன்னமும் ஆட்டுகிறார்கள்.

மலைப்பக்கம் நமக்கு மாசி பிறந்தால் காமன் கூத்து. தப்புச் சத்தத்துக்கு ரதியும் மன்மதனும் லயத்து வாசலில் ஆடுவார்கள், எமன் வருவான், வீரபத்திரன் வருவான், கடைசியில் காமன் எரிவான். அவர்கள் தலையிலிருக்கும் கிரீடம் மட்டை, பசை, மினுக்குத் தாள். வேலை முடிந்து திரும்பி வந்தவர்கள் இராத்திரியில் உட்கார்ந்து ஒட்டியது. கதுரு முகமூடி கண்ணாடிப் பெட்டிக்குள் நூறு வருசம் இருக்கும். மட்டைக் கிரீடம் ஒரு மழைக்குத் தாங்காது. அதனால்தான் நூதனசாலைகளில் அதைக் காண்பது அரிது என்று நினைக்கிறேன். கைத்திறனில் குறைவென்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வருகிற மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றினால், கிரீடம் ஒட்டுகிறவர் பக்கத்தில் ஒரு இரவு உட்காருங்கள். என்ன மட்டை, என்ன பசை, யாரிடம் பழகினார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.