வெந்நீர் வரும் வழி

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்தில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். மகனைக் காணவோ, மகளின் பிரசவத்துக்குத் துணையிருக்கவோ அங்கே செல்லும் பெற்றோர் உங்களுள்ளும் இருப்பீர்கள். பழைய வீடாக இருந்தால், முதல்நாள் சுப்ஹு வேளையில் ஒளூச் செய்ய நின்றதுமே நீங்கள் திகைக்க நேரிடும். கைகழுவும் தொட்டியில் குழாய்கள் இரண்டு இருக்கும். ஒன்றில் பனிக்கட்டியை உருக்கி விட்டாற் போன்ற நீர். மற்றொன்றில் கையைச் சுடும் வெந்நீர். இரண்டும் கலந்து ஒரே வாய் வழியாக இதமாக வரலாகாதா?

2019 டிசம்பரில் கிழக்கு லண்டனில் என் தங்கை மகன் வீட்டில் தங்கியிருந்தபோது நானும் இதையே கேட்டேன். "வெள்ளைக்காரருக்கு ஒளூ ஏது மாமா?" என்று அவர் சிரித்தார். விடை அதுவன்று. அதை நான் அறிந்துகொள்வதற்குள் ஒரு பெருந்தவறும் செய்துவிட்டேன். அதைச் சொல்வதற்கு முன், அவ்வீட்டில் நீரும் நெருப்பும் செல்லும் வழியை உங்களுக்கு விளக்கிவிடுகிறேன்.

தெருவிலிருந்து வரும் நீர் நேராகச் சமையலறைக் குழாய்க்குச் செல்கிறது. அதன் ஒரு கிளை மேலேறி, கூரைக்கடியிலுள்ள பரணில் ஒரு தொட்டியை நிரப்புகிறது. நம் மொட்டைமாடித் தொட்டியில் இருப்பது போலவே ஒரு மிதவைப் பந்து, நிறைந்ததும் நீரை நிறுத்திவிடும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், மாடி அலமாரியொன்றில் நிற்கும் செம்புக் கலத்தின் அடிப்பகுதியில் நுழைகிறது. அக்கலம் ஏறத்தாழ 120 லிட்டர் கொள்ளும். சூடான நீர் இலேசாகி மேலே நிற்பதால், குழாய்க்குரிய வெந்நீரைக் கலத்தின் உச்சியிலிருந்து எடுக்கிறார்கள். உச்சியிலிருந்து இன்னொரு குழாய் பரணுக்கே திரும்பிச் சென்று, தொட்டியின் மேல் வளைந்து திறந்தபடி நிற்கும். சூட்டினால் விரியும் நீருக்கு அதுவே போக்கிடம். அதனை ஒருபோதும் அடைத்தல் கூடாது.

பரணிலிருந்து இறங்கும் நீருக்கு அழுத்தம் குறைவு. தெருக்குழாய் நீருக்கு அழுத்தம் மிகுதி. இரண்டையும் ஒரே குழாயினுள் கலக்கவிட்டால், ஒருபக்கத்து நீர் மறுபக்கம் ஏறிவிடக்கூடும். மூடி கழன்ற பரண்தொட்டியில் தூசியும் பூச்சியும், சில வேளை செத்த பறவையும் கிடக்கும். அந்த நீர் குடிநீரோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே குழாய்களைப் பிரித்து வைத்தனர். பழைய வீடுகளில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் சமையலறைக் குளிர்நீர்க் குழாயை மட்டுமே பயன்படுத்துங்கள். ஒளூவுக்கு, வடிகாலை மூடித் தொட்டியிலே இரண்டையும் கலந்து, ஒரு கிண்ணத்தால் மொண்டுகொள்ளலாம்.

இனி நெருப்பு. அவ்வீட்டுப் பாய்லர் 1970களில் வைத்தது. முன்னறையில் கணப்பு அடுப்புக்குப் பின்னால், பழைய புகைபோக்கியின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. அதில் காயும் நீர் வேறு. நாம் கைகழுவும் நீர் வேறு. பாய்லர் நீர், செம்புக் கலத்தினுள் உள்ள சுருள் குழாய் வழியே ஓடித் தன் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பும். அறைகளில் உள்ள ரேடியேட்டர்களிலும் அதே நீர்தான் ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிறது. திறந்து பார்த்தால் மை போல் கறுத்திருக்கும். ரேடியேட்டரின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று சேர்ந்துள்ளது. சிறு சாவியால் மூலைத் திருகைத் தளர்த்தி வெளியேற்றலாம். அடிப்பகுதி குளிர்ந்திருந்தால் அது வண்டல். அதற்கு வேலை தெரிந்தவர் வேண்டும்.

செம்புக் கலத்தின் சூட்டை ஒரு தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துகிறது. குழந்தையின் கை வெந்துவிடும் என்றஞ்சி, அவ்வீட்டில் அதை 40 பாகைக்கு இறக்கி வைத்திருந்தார்கள். தாயின் அச்சம் நியாயமானதே. ஆனால் 20 முதல் 45 பாகை வரையிலான நீரில்தான் லெஜியோனெல்லா என்னும் நுண்கிருமி பெருகி, நீர்த்திவலைகளோடு நுரையீரலுக்குள் செல்கிறது. எனவே கலத்து நீர் 60 பாகையில் இருத்தல் வேண்டும். சுடாமலிருக்கக் குழாயருகே ஒரு கலப்பு வால்வைப் பொருத்திக்கொள்வதே முறை.

நான் செய்த தவற்றுக்கு வருகிறேன். எனக்கு அந்த முன்னறையில்தான் படுக்கை. தஹஜ்ஜுத் தொழ எழுந்தால் காலில் சில்லென்று காற்று வீசும். சுவரின் அடியில் சல்லடை போன்றதொரு துவாரம் இருப்பதைக் கண்டேன். இவ்வளவு குளிரில் சுவரில் ஓட்டை வைத்தவரின் அறிவை நொந்துகொண்டு, என் கம்பளிச் சால்வையை மடித்து அதில் அடைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை தலை வலித்தது, குமட்டியது. பயணக் களைப்பு என்று எண்ணினேன். பள்ளிவாசலுக்கு நடந்து சென்றால் தெளிந்துவிடும். திரும்பி வந்தால் மீண்டும் வலிக்கும். தங்கை மகனின் மனைவிக்கும் அவ்வாறே இருந்தது. சிறுமி சோர்ந்து சோர்ந்து தூங்கினாள். உண்மையைப் பிடித்தவர் அந்தப் பெண்மணிதான். "மாமா, வெளியே போனால் எல்லாருக்கும் சரியாகிவிடுகிறது. இது காய்ச்சலன்று" என்றார். உடனே கணப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, 0800 111 999 என்னும் எரிவாயு அவசர எண்ணை அழைத்தார். பிரிட்டனில் உறவினர் உள்ளோர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

வந்தவர் முதலில் எரிவாயுவை நிறுத்தினார். பிறகு என் சால்வையை உருவினார். எரிவதற்கு வேண்டிய காற்றை அந்தப் பாய்லர் அறையிலிருந்தே எடுக்கிறது. துவாரம் அடைபட்டதும் எரிதல் குறைப்பட்டு, கார்பன் மோனாக்சைடு உண்டாயிற்று. நெடுநாள் துப்புரவு செய்யாத புகைபோக்கியும் பாதி அடைந்திருந்ததால் அந்த வாயு அறைக்குள்ளேயே திரும்பியது. அதற்கு நிறமில்லை, மணமில்லை; தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கவல்லது. அதைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவி அவ்வீட்டில் இல்லை. மருத்துவமனையில் எங்கள் நால்வரின் இரத்தத்தையும் பரிசோதித்து, ஆக்ஸிஜன் கொடுத்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

வாடகை வீடாக இருந்தால், 12 மாதத்துக்கு ஒருமுறை எரிவாயுச் சாதனங்களைப் பரிசோதிப்பித்துச் சான்று தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. எரிவாயு பாய்லர் உள்ள அறையில் எச்சரிக்கைக் கருவி வைப்பதும் 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் அவர் பொறுப்பாகிவிட்டது. கேட்பதற்குக் கூசாதீர்கள். சொந்த வீட்டினருக்கு இவ்வாறு கட்டாயப்படுத்துவார் இல்லை. எங்கள் வீடு அப்படிப்பட்டதுதான்.

அடுத்த வேனிற்காலத்தில் அந்தப் பாய்லரை எடுத்துவிட்டார்கள். புதியது தனக்குரிய காற்றைக் குழாய் வழியே வெளியிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. தெருநீரை அவ்வப்போதே சூடாக்கித் தருவதால் செம்புக் கலமும் இல்லை, பரண்தொட்டியும் இல்லை. ஒளூச் செய்யும் இடத்தில் இப்போது ஒரே குழாய். முன்னறைத் துவாரத்தையும் முறைப்படி மூடிவிட்டார்களாம். என் சால்வையைத் துவைத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.