சீசாவின் பின்புறம்

எண்ணெய் ஸ்நானத்தைப் பற்றி நம்மவர்கள் பெருமை பேசும்போதெல்லாம் புகழ் முழுவதையும் எண்ணெய்க்கே கொடுத்துவிட்டு, அந்த எண்ணெயைத் தலையிலிருந்து இறக்கிய சீயக்காயைப் பின்கட்டிலேயே நிறுத்திவிடுவது வழக்கம். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு என்றும், புதனும் சனியும் ஆண்களுக்கு என்றும் கிழமை வகுத்துக்கொண்டு, காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்து, சற்று நேரம் ஊறவிட்டு, வடித்த கஞ்சியில் குழைத்த சீயக்காய்த் தூளால் அலசிய அந்த முறையில், எழுதி வைக்காத கணக்கு ஒன்று இருந்தது: ஏற்றிய எண்ணெயின் அளவுக்குத் தக்கபடியே அதை இறக்குகிற சரக்கின் வலுவும் அமைந்திருந்தது. சீயக்காயில் உள்ள சப்போனின் என்னும் நுரைக்கும் சத்து எண்ணெய்ப் பசையைப் பற்றி இழுக்கும். அதன் கரைசலோ இலேசான புளிப்புத் தன்மை கொண்டது. கஞ்சியின் மாவுச்சத்து ரோமத்துக்கு வழவழப்பைத் தரும். கொங்கு நாட்டில் உசிலை மரத்து இலையைப் பொடித்த அரப்பும், வேறு சில இடங்களில் பூந்திக்கொட்டையும் இதே காரியத்தைச் செய்துவந்தன.

பழையது என்பதற்காகவே சீயக்காய்க்குக் கோயில் கட்ட நான் முற்படவில்லை. கண்ணில் பட்டால் அது எரியும். சரியாகச் சலிக்காத தூளின் திப்பி தோலைக் கீறும். எண்ணெய் வைக்காத தலையில் அதைப் போட்டுத் தேய்த்தாலோ, போக்குவதற்கு வேறு பசை இல்லாமையால் தோலுக்குச் சொந்தமான பசையையே போக்கி, மண்டையை வறட்டி வைக்கும். இன்று நம் ஜனங்களில் பலர் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, தலைக்குக் குளிப்பதை மட்டும் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள் என்று பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள்; ஆகவே எதைக் கொண்டு கழுவுவது என்ற விசாரம் நம் பாட்டிமார்களைக் காட்டிலும் நமக்கே அதிகம் அவசியமாயிருக்கிறது.

நடுவில் சில காலம் சோப்பு ஆட்சி செய்தது. சோப்பின் கரைசல் அமில-கார அளவுகோலில் 9 முதல் 10 வரை நிற்கும் காரத்தன்மை உடையது. தலைத்தோலோ ஏறத்தாழ 5.5 என்னும் மெல்லிய அமில நிலையில் இருப்பது. அதுவன்றி, சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் சோப்பு வெள்ளைப் படிவாகத் திரிந்து ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் ஷ்வார்ஸ்காப்ஃ என்பவர் 1903-ல் நீரில் கரைத்துக்கொள்ளும் ஷாம்பூத் தூளை விற்கத் தொடங்கியதும், அவருடைய நிறுவனம் 1927-ல் திரவ ஷாம்பூவை வெளியிட்டதும், தலைக்கென்று தனிச் சரக்கு வேண்டும் என்னும் எண்ணத்தை நிலைநாட்டின. எனினும் சோப்பை விட்டுச் செயற்கைக் கழுவுபொருளை ஆதாரமாகக் கொண்ட ஷாம்பூ 1934-ல் அமெரிக்காவில் 'டிரீன்' என்ற பெயருடன் வந்த பிறகுதான் கடின நீரின் தொல்லை ஒருவாறு தீர்ந்தது. நம் நாட்டில் அது நெடுங்காலம் வசதி படைத்த வீடுகளின் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. செல்வர் நுகர்வதை ஏழையும் நுகர வேண்டுமானால் அது சிறு உறையில் வர வேண்டும் என்று கருதிய கடலூர்ச் சின்னி கிருஷ்ணன், திரவத்தைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டினார். அவருடைய பிள்ளைகள் 'வெல்வெட்' ஷாம்பூவை அவ்வாறு விற்றார்கள். அவர்களில் ஒருவரான ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே வந்து 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெட்டிக்கடையில் ஷாம்பூ பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குவதற்குக் காரணம் ஒரு கடற்கரை ஊரின் யோசனை என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

இனி சரக்குக்கு வருவோம். ஷாம்பூவில் பெரும்பகுதி தண்ணீர்தான். பின்புறப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்தாற்போல் நிற்பதே பெரும்பாலும் கழுவுபொருள். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். ஓர் அளவுக்கு மேல் நீரில் சேர்ந்தவுடன், எண்ணெயை நாடும் முனைகளை உள்ளே மறைத்துக்கொண்டு அவை நுண்ணிய உருண்டைகளாகத் திரளும். அழுக்கும் பசையும் அவற்றுக்குள் அடங்கி நீரோடு போய்விடும். அழுக்கை எடுப்பது இவ்விதம் திரண்ட கூட்டம். தோலுக்குத் துன்பம் செய்வதோ பெரும்பாலும் கூட்டத்தில் சேராமல் தனித்துத் திரிகிற மூலக்கூறுகள். இவை தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அதை உப்பச் செய்யும். அங்குள்ள உயிரணுக்களின் இடைவெளியை அடைத்துக் காக்கின்ற கொழுப்பையும் கரைத்து எடுக்கும். குளித்து வந்தபின் தலைத்தோல் இழுத்துப் பிடிப்பதும், அரிப்பதும், மெல்லிய செதில் உதிர்வதும் இதன் விளைவுகளே. ஆகவே மிருதுவான ஷாம்பூ என்பது, தனித்துத் திரியும் மூலக்கூறுகளைக் குறைக்கும்படி சாமர்த்தியமாகக் கலந்த ஷாம்பூ என்று அர்த்தம். ஏதோ ஒரு பொருள் இல்லாத ஷாம்பூ என்று அர்த்தமல்ல.

சோடியம் லாரில் சல்பேட் என்பது இவ்வினத்தில் முரடு. தோல் வைத்திய ஆராய்ச்சியாளர்கள் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கும் பரிசோதனைகளுக்கு இதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள் என்பது ஒன்றே அதன் சுபாவத்தைக் காட்டும். இதனால் புற்றுநோய் வரும் என்று பரவியிருக்கும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை; எரிச்சல் மட்டும் மெய். இதன் நடுவே எத்திலீன் ஆக்சைடு அலகுகள் சிலவற்றைக் கோத்துச் செய்த சோடியம் லாரெத் சல்பேட், அதைக் காட்டிலும் பெரிதும் சாந்தமானது. கடையில் விற்கும் ஷாம்பூக்களில் மிகப் பல இதைக் கொண்டவையே. இதனுடன் கோகாமிடோபுரொப்பைல் பீட்டெய்ன் என்ற துணைப் பொருளைச் சேர்த்தால், இரண்டும் கலந்த உருண்டைகளாகத் திரண்டு, தனித்துத் திரிவன குறைந்துபோகின்றன. லாரெத் சல்பேட் மட்டும் உள்ள கரைசலை விட, மொத்த அளவு கூடியிருந்தும், இந்தக் கலவை தோலுக்கு இதமாயிருப்பதன் ரகசியம் இதுதான். இன்னும் மிருதுவானவை வேண்டுவோர், சர்க்கரையையும் கொழுப்பு ஆல்கஹாலையும் பிணைத்துச் செய்யும் டெசைல் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு முதலியவற்றையும், சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட், சோடியம் லாராயில் சார்கோசினேட், சோடியம் கோகோயில் குளூட்டமேட் ஆகியவற்றையும் பட்டியலின் முதல் வரிசையில் தேடலாம்.

தேங்காயிலிருந்து எடுத்தது என்று சீசாவின் முகப்பில் போட்டிருக்கும் வாசகத்துக்கு ஒரு காசும் மதிப்பில்லை. மேலே சொன்ன முரடும் சாதுவும் ஆகிய எல்லாமே தேங்காயிலிருந்தோ பனையெண்ணெயிலிருந்தோ எடுக்கத்தக்கவைதாம். சல்பேட் இல்லாதது என்ற விளம்பரமும் அப்படியே. சல்பேட்டை நீக்கிய இடத்தில் சோடியம் சி14-16 ஓலிஃபின் சல்ஃபோனேட் என்ற பொருளைப் போட்டுவிட்டால் விளம்பரம் பொய்யாகாது. ஆனால் பசையை உரித்தெடுப்பதில் அது சல்பேட்டுக்குச் சளைத்ததல்ல. நுரையைக் கண்டு மயங்குவதும் வீண். எண்ணெய் மிகுந்த தலையில் எந்த ஷாம்பூவும் முதல் தடவை நுரைக்காது. எண்ணெய் நுரையை அடக்கிவிடும். ஆனாலும் அழுக்கு போய்க்கொண்டுதான் இருக்கும். ஷாம்பூவில் உப்பு இருக்கிறது என்று அஞ்சுவோரும் உளர். அந்தச் சொற்ப உப்பு திரவத்தைக் குழகுழப்பாக்குவதற்காகச் சேர்ப்பது, அதனால் தலைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை.

அமில நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமத் தண்டின் அளவு 3.67, தலைத்தோலின் அளவு 5.5. பிரேசில் நாட்டு வைத்தியர்கள் 123 ஷாம்பூக்களை அளந்து 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு 38 மட்டுமே 5-க்கு மேற்படாமல் இருந்தன. அளவு மிகுந்தால் ரோமத்தின் மின்னூட்டம் கூடி, மயிரிழைகள் ஒன்றையொன்று உராய்ந்து சிக்கலாகும். குழந்தை ஷாம்பூவே பெரியவர்களுக்கும் உத்தமம் என்று கருதுவோர் கவனிக்க வேண்டியது: கண் எரியாமல் இருப்பதற்காகக் கண்ணீரின் நிலைக்கு ஒப்ப, 7-ஐ ஒட்டி அமைத்த வகைகள் அவற்றில் பல, தோலுக்கு இதமென்றாலும் நீண்ட கூந்தலுக்கு அவை அத்தனை உகந்தவையல்ல.

கழுவுபொருளைக் காட்டிலும் சுவாரசியமான சரித்திரம், பட்டியலின் கடைசியில் ஒதுங்கி நிற்கும் கெடாமல் காக்கும் பொருள்களுக்கு உண்டு. தண்ணீர் சேர்ந்த எந்தச் சரக்கிலும் கிருமி வளரும். அதைத் தடுக்க ஏதேனும் ஒன்று இருந்தே தீர வேண்டும். நெடுங்காலம் அந்த வேலையைச் செய்துவந்த பாரபென்கள், உடலின் சுரப்புகளைக் குலைக்கக்கூடும் என்ற சந்தேகத்தால் ஜனங்களின் வெறுப்புக்கு ஆளாயின. பாரபென் இல்லாதது என்பது ஒரு யோக்கியதாபத்திரமாகிவிட்டது. வெளியேறிய பாரபென்னின் இடத்தில் பல நிறுவனங்கள் அமர்த்திய புதிய காவற்காரர்களில் ஒருவர் மெத்தில் ஐசோதயசோலினோன். ஐரோப்பாவில் 2005-ல் இதைத் தனியே, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை சேர்க்கலாம் என்று அனுமதித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் தோல் வைத்தியர்களின் வாசலில் அரிப்பும் தடிப்புமாக நோயாளிகள் குவியத் தொடங்கினர். அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல் வைத்தியர் சங்கம் 2013-ஆம் ஆண்டின் முதன்மையான ஒவ்வாமைப் பொருளாக அதை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் பின்னர், தோலில் அப்படியே தங்கும் பூச்சுகளில் அதை அறவே விலக்கி, கழுவிவிடும் பொருள்களில் பத்து லட்சத்துக்கு 15 பங்குக்கு மேல் கூடாது என்று வரையறுத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே சங்கம் 2019-ல் பாரபென்களை ஒவ்வாமை அற்ற பொருள் என்று கௌரவித்ததுதான். தோலின் அரிப்பை மாத்திரம் கருதினால், துரத்தப்பட்டவன் சாது, உள்ளே அழைக்கப்பட்டவன் துஷ்டன். தலைத்தோல் எளிதில் சிவக்கும் சுபாவம் உள்ளவர்கள் மெத்தில் ஐசோதயசோலினோனையும், ஃபார்மால்டிஹைடைச் சிறுகச் சிறுக வெளிவிடும் டி.எம்.டி.எம். ஹைடன்டாயினையும் தவிர்த்து, சோடியம் பென்சோயேட், ஃபீனாக்சிஎத்தனால் முதலியவை உள்ளதைத் தேர்ந்துகொள்வது புத்திசாலித்தனம். மிருதுவானது என்று நான் மேலே பாராட்டிய பீட்டெய்னும் குளுக்கோசைடுகளுங்கூட முறையே 2004-லும் 2017-லும் அதே சங்கத்தின் முதன்மை ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் ஏறியவை என்பதையும் மறைக்கலாகாது; எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் வஸ்து என்று உலகில் ஒன்றும் இல்லை.

வாசனைக்கும் இது பொருந்தும். நறுமணம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல டஜன் ரஸாயனங்கள் ஒளிந்திருக்கலாம்; லினலூல், லிமோனீன் போன்றவை காற்றுப்பட்டுத் திரிந்தபின் ஒவ்வாமையைக் கிளப்பும். இவை லவெண்டர், ஆரஞ்சு முதலான இயற்கைத் தைலங்களிலேயே மிகுதி. மூலிகை என்ற பச்சை இலைப் படத்தைக் கண்டு மனம் கரைகிறவர்களுக்கு நம் நாட்டுச் சட்டமே ஓர் உதவி செய்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் அழகு சாதனப் பொருள் விதிகளின்படி, நூற்றுக்கு 1 பங்குக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்கு மேற்படாதவற்றை அதன் பின்னர் எந்த வரிசையிலும் எழுதலாம். நறுமணம் என்பது சாதாரணமாக அந்த 1 பங்கு எல்லைக்கு அருகிலேயே இருப்பது. செம்பருத்தியும் கற்றாழையும் அதற்குப் பின்னால் வருமானால் அவை சீசாவின் முகப்புப் படத்துக்காகச் சேர்ந்தவை என்று கொள்ளலாம். மாறாக, குவார் ஹைட்ராக்சிபுரொப்பைல்டிரைமோனியம் குளோரைடு என்று வாயில் நுழையாத பெயர் ஒன்றைக் கண்டு பலர் நடுங்குவார்கள். அது நம் கொத்தவரை விதையின் பசையைப் பக்குவம் செய்து, கூந்தல் சிக்காதிருக்கச் சேர்த்த பொருள்தான்.

பொடுகு உள்ளவர்களுக்கு மிருதுவான ஷாம்பூ மட்டும் போதாது. பொடுகு வறட்சியால் வருவது என்று எண்ணி எண்ணெயை மேலும் மேலும் தடவுவது நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் தவறு. மலசீசியா என்னும் ஈஸ்ட் இனம் எல்லோர் தலையிலும் வாசம் செய்வது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே செய்துகொள்ள இயலாத அது, தலையின் பசையை உண்டு, ஓலியிக் அமிலம் முதலியவற்றை மிச்சம் வைக்கிறது. அதைத் தாங்காத தலைகளில் தோல் சினந்து செதிலாக உதிர்கிறது. நாம் ஊற்றும் எண்ணெய் அதற்கு விருந்து. இதற்குக் கீட்டோகொனசோல் போன்ற மருந்துச் சரக்கு உள்ள ஷாம்பூவைத் தடவிச் சில நிமிஷங்கள் வைத்திருந்து கழுவ வேண்டும். தடவிய உடனே அலசினால் மருந்து சாக்கடைக்குத்தான் பயன்படும். நெடுநாளாகப் பழக்கத்திலிருக்கும் ஜிங்க் பைரிதயோனை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகு சாதனங்களில் தடுத்துவிட்டது. நம் நாட்டில் அது விற்பனையில் உள்ளது. செதில் மஞ்சளாகப் படிந்தாலோ, முடி திட்டுத்திட்டாகக் கொட்டினாலோ, புண் கண்டாலோ கடைக்காரரை விட்டுவிட்டுத் தோல் வைத்தியரிடம் செல்வதே முறை.

மருந்தில்லாத ஷாம்பூவுக்கு விதி இதற்கு நேர்மாறு: கையில் நீர் விட்டுக் கரைத்து, ரோமத்தின் நுனியில் அல்லாமல் தலைத்தோலில் மட்டும் விரல் நுனிகளால் தடவி, தாமதியாமல் நன்றாக அலசிவிட வேண்டும். புதிய சரக்கைக் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ நீர் கலந்து சிறிது தடவிக் கழுவிவிட்டு, இரண்டொரு நாள் கவனித்த பின் தலைக்குக் கொண்டுபோகலாம்.

இத்தனையையும் படித்துப் பார்த்து வாங்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதுதான் எனக்குள்ள மனஸ்தாபம். 60 மில்லி லிட்டருக்குக் குறைந்த திரவப் பொதிகளில் உட்பொருள் பட்டியலை அச்சிட வேண்டியதில்லை என்று முன்னே சொன்ன 2020-ஆம் ஆண்டு விதிகளே விலக்கு அளித்திருக்கின்றன. பெரிய சீசா வாங்குகிறவர் படித்தறிந்து வாங்கலாம். பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்து ஒரு பாக்கெட் கிழித்து வாங்குகிறவளுக்கு அந்த உரிமை இல்லை. உறையில் இடம் இல்லை என்பது சமாதானம். நடிகையின் முகத்துக்கு அதே உறையில் இடம் இருக்கிறது. சட்டம் திருந்தும் வரையில், அதே பெயருள்ள பெரிய சீசாவைக் கேட்டு வாங்கி, இரண்டிலும் சரக்கு ஒன்றே என்ற உறுதி இல்லாவிட்டாலும், அதன் பின்புறத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.