இந்த வாரம் டீ போடுகிறவர், அடுத்த வாரம் கேப்டன்!

யாட் கிளப் என்றதும் என்ன ஞாபகம் வரும்? வெள்ளை பேன்ட், கூலிங் கிளாஸ், கையில் கோப்பை, பின்னால் ஒரு சொகுசுப் படகு. சினிமா நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது.

பிரிட்டனின் சின்ன ஊர்களில் இருக்கும் பாய்மரப் படகு கிளப்புகளைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும். கடலோரம், ஏரி, நீர்த்தேக்கம், ஜல்லி தோண்டிய பள்ளத்தில் நிரம்பிய தண்ணீர் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே ஒரு கிளப். ஒரு கட்டடம், ஒரு சமையலறை, கரையில் வரிசையாகச் சின்னப் படகுகள். பல கிளப்புகளில் சம்பளத்துக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது.

பிறகு யார்தான் நடத்துகிறார்கள்? சுவரில் தொங்கும் டியூட்டி லிஸ்ட்தான்! உறுப்பினராகச் சேர்ந்தால் வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் கிளப்புக்காக வேலை பார்க்க வேண்டும். டாக்டரும் சரி, பிளம்பரும் சரி, விதிவிலக்கு இல்லை. இந்த வாரம் டீ போட்டு சாண்ட்விச் கொடுத்தவர், அடுத்த வாரம் பந்தயத்தில் முதலாவதாக வருவார். இந்த வாரம் ஜெயித்தவர் அடுத்த வாரம் பாத்திரம் கழுவுவார்.

டியூட்டிகளிலேயே முக்கியமானது ரெஸ்க்யூ போட். காற்று பலமாக அடித்தால் இந்தச் சின்னப் படகுகள் கவிழ்வது சகஜம். உடனே மோட்டார் படகில் இரண்டு பேர் விரைவார்கள். முதலில் தலைகளை எண்ண வேண்டும். படகு அப்புறம், ஆள்தான் முதலில். படகை ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் இன்ஜின் தானாக நின்றுவிட வேண்டும் என்பதற்காக, ஒரு கயிற்றை அவர் காலில் மாட்டியிருப்பார்கள். அந்தப் படகுக்கு ஆள் வரவில்லை என்றால் அன்றைக்குப் பந்தயமே கிடையாது.

பந்தயம் தொடங்குவதற்கு 5 நிமிடம் முன்பு ஒரு கொடி ஏறும், ஹாரன் ஒலிக்கும். 4 நிமிடம் இருக்கும்போது இன்னொரு கொடி. 1 நிமிடத்தில் அது இறங்கும். முதல் கொடியும் இறங்கினால், புறப்பாடு! வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் தண்ணீருக்குள் நடுவர் யாரும் இல்லை. விதியை மீறியவர் தானே ஒப்புக்கொண்டு, படகை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். எல்லையைக் குறிக்கும் மிதவையில் இடித்தால் ஒரு சுற்று. யாரும் பார்க்கவில்லை என்று நழுவலாமே? நழுவலாம். ஆனால் அடுத்த வாரம் அதே ஆட்களுடன்தான் டீ குடித்தாக வேண்டும்!

வேகமான படகும் மெதுவான படகும் ஒன்றாக ஓடினால் போட்டி நியாயமாக இருக்குமா? அதற்குத்தான் 'போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக்' என்ற கணக்கு. ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண் உண்டு. லேசர் படகுக்குச் சுமார் 1,100, மிரர் படகுக்குச் சுமார் 1,390. எடுத்துக்கொண்ட நேரத்தை 1,000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். லேசர் 55 நிமிடத்தில் வந்தால் கணக்கில் 50 நிமிடம். மிரர் 68 நிமிடத்தில் வந்தால் 49-க்கும் சற்றுக் குறைவு. கடைசியில் ஆடி அசைந்து வந்த அப்பாவும் பொண்ணும்தான் வெற்றி! கிளப்புகள் அனுப்பும் பந்தய முடிவுகளை வைத்தே இந்த எண்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன.

அந்த மிரர் படகுக்கு ஒரு கதை உண்டு. 1963-ல் 'டெய்லி மிரர்' பத்திரிகை, சாதாரணக் குடும்பங்களும் வாங்க வேண்டும் என்று அதை அறிமுகப்படுத்தியது. விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், டி.வி.யில் வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்த பேரி பக்னெல்லும் சேர்ந்து உருவாக்கியது. பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் 'தைத்து', கண்ணாடியிழைப் பட்டையும் பிசினும் ஒட்டினால் படகு தயார். கார் ஷெட்டிலேயே செய்து முடித்தார்கள். சிவப்புப் பாயோடு 70,000 படகுகளுக்கு மேல் உருவாயின. உள்ளூர்க் கிளப்புகளில் கூட்டம் சேர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு.

இன்றைய கவலை வேறு. வார இறுதியிலும் வேலை, பிள்ளைகளுக்கு வேறு வகுப்புகள். டியூட்டி லிஸ்டில் காலிக் கட்டங்கள் விழுகின்றன. திரும்பத் திரும்ப அதே பத்துப் பேர், அவர்களுக்கும் வயதாகிறது. டியூட்டிக்குப் பதில் பணம் கட்டிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் பணம் கட்டினால் ரெஸ்க்யூ போட்டில் யார் ஏறுவது?

மாலையில் படகுகளைக் கழுவி, தார்ப்பாய் போட்டுக் கட்டிய பிறகும் உடனே யாரும் கிளம்புவதில்லை. சமையலறை ஜன்னலில் மிச்சமிருக்கும் கேக் பாதி விலைக்குப் போகிறது. லிஸ்டுக்கு எதிரே ஒருவர் பேனாவுடன் நிற்கிறார்.

"அடுத்த ஞாயிறு ரெஸ்க்யூ போட்டுக்கு இன்னும் ஓர் ஆள் வேணும். யார் வர்றீங்க?"