கிரனாடாவும் சாவகச்சேரியும்: பயணிகள் காணாதவை

ஸ்பெயினின் தெற்கிலுள்ள கிரனாடா நகருக்குச் சென்று திரும்புவோரின் பயணக் குறிப்புகளில் பெரும்பாலும் ஒரே வகையான வியப்பையே காண்கிறோம். அல்ஹம்ரா மாளிகையின் சிங்க முற்றம், சுவரெங்கும் செதுக்கப்பட்ட அரபு எழுத்துகள், நீரோடும் தோட்டங்கள், எதிர்க் குன்றிலுள்ள அல்பைசின் குடியிருப்பின் ஒடுங்கிய ஒழுங்கைகள் என்று அவை நீண்டு செல்கின்றன. 1984 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அம்மாளிகையை ஆண்டுதோறும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்வையிடுகின்றனர். அதைக் கட்டியோரின் சந்ததியினர் எங்கே என்ற கேள்வி அக்குறிப்புகளில் அரிதாகவே எழுகிறது.

அந்நகரைக் கண்ட பழைய பயணிகளுள் நமக்கு மிக நெருக்கமானவர் மொறோக்கோ நாட்டவரான இப்னு பதூதா. 1344 இல் இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளம் பகுதியில் சந்தித்து, அம்மன்னனின் உதவியுடன் பாவா ஆதம் மலைக்குச் சென்றவர் அவரே. சில ஆண்டுகளின் பின்னர் கிரனாடாவுக்கும் சென்றார். சுல்தான் நோயுற்றிருந்தமையால் சந்திப்பு வாய்க்கவில்லை. சுல்தானின் தாயார் பொற்காசுகளை அனுப்பிவைத்தார். அங்கு அவர் சந்தித்த இளம் அறிஞரான இப்னு ஜுஸைய் என்பவரே பின்னர் மொறோக்கோவில் அவர் சொல்லச் சொல்லப் பயண நூலை எழுதி, 1355 இல் நிறைவு செய்தார். தமிழ் மன்னன் ஒருவன் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான், முஸ்லிம் பயணியொருவரை விருந்தினராக உபசரித்தான் என்ற செய்தி, கிரனாடாவைச் சேர்ந்த ஒருவரின் எழுத்தாகவே நம்மை வந்தடைந்திருக்கிறது.

1492 ஜனவரி 2 ஆம் திகதி கிரனாடா கத்தோலிக்க அரசர்களிடம் சரணடைந்தது. முஸ்லிம்களின் சமயமும் சொத்தும் பாதுகாக்கப்படும் என்று உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தது. அந்த மார்ச் மாதத்திலேயே யூதர்களை வெளியேற்றும் கட்டளை அதே நகரில் கைச்சாத்தாயிற்று. பத்தாண்டுகளுக்குள் முஸ்லிம்கள் மதம் மாறவேண்டும் அல்லது நாட்டை விட்டு நீங்கவேண்டும் என்ற நிலை வந்தது. மதம் மாறியோரும் தப்பவில்லை. எதிரிக்குத் துணைபோவார்கள் என்ற சந்தேகமும் சேர, 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேர் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

இந்த வரலாற்றைத் தென்மராட்சியிலிருந்து வாசிக்கும்போது அது தொலைதூரத்துக் கதையாகத் தோன்றுவதில்லை. சாவகச்சேரி என்ற பெயரையே 13 ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த சாவகருடன் அறிஞர்கள் தொடர்புபடுத்துவர். வந்தோரின் பெயரைத் தாங்கிய அந்த ஊரிலிருந்துதான் 1990 ஒக்டோபர் 15 ஆம் திகதி யாழ். குடாநாட்டு முஸ்லிம்களின் வெளியேற்றம் ஆரம்பமாயிற்று. அதே மாதம் 30 ஆம் திகதி, யாழ். நகர முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் வழங்கிய அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மாத்திரமே. வடக்கு முழுவதிலுமிருந்து 70,000 இற்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். உளவு பார்ப்பார்கள் என்ற சந்தேகமே இங்கும் காரணமாகக் கூறப்பட்டது; சிலர்மீது எழுந்த ஐயத்துக்கு ஒரு சமூகமே விலை கொடுத்தது.

சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு மழையில் நாவற்குழியூடாகத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2000 ஆம் ஆண்டு மே முதல் செப்டெம்பர் வரை நடந்த சமரில், அவர்களுக்கு இடமளித்த சாவகச்சேரியே தரைமட்டமாயிற்று. ஒருவர் இழப்பைக் கொண்டு மற்றவர் இழப்பைக் கழித்துவிட முடியாது. இதை இரு தரப்பினருக்கும் சொல்லவேண்டியிருக்கிறது.

2009 இன் பின்னர் ஏ-9 வீதியால் தெற்கிலிருந்து வரும் பயணிகளுக்குச் சாவகச்சேரி தேநீர் அருந்தும் இடமாயிற்று. பனந்தோப்புகளையும் சன்னத் துளைகள் விழுந்த சுவர்களையும் படம் பிடித்துச் சென்றவர்களுக்கு, அச்சுவர்களுக்குள் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்ல எவரும் இருக்கவில்லை.

கிரனாடாவில் ஏறத்தாழ 500 ஆண்டுகளின் பின், 2003 இல், அல்ஹம்ராவுக்கு எதிரே பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது. வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்க 2015 இல் ஸ்பெயின் சட்டம் இயற்றியது. முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அங்கே சாட்சி சொல்ல எவரும் உயிரோடில்லை. சாவகச்சேரியில் பிறந்து வெளியேற்றப்பட்டோரோ இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். எந்தக் கடை யாருடையது, பள்ளிவாசலுக்கு அடுத்த வளவில் யார் இருந்தார்கள் என்று அவர்களால் சொல்லமுடியும். நகர சபையும் பாடசாலைகளும் புத்தளத்துக்கு ஆளனுப்பி அவற்றைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். 1990 இல் முப்பது வயதாயிருந்தவர்கள் அறுபதைக் கடந்துவிட்டார்கள்.