செல்லுக்குள் தெரியும் பச்சை ஒளி

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியாவில் நீராகிவிடுகிறது. சிறு பங்கு மட்டும் நடுவழியில் ஓர் எலக்ட்ரானைப் பற்றிக்கொண்டு சூப்பர் ஆக்சைடு ஆகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். இரும்பு அயனி குறுக்கிட்டால் ஹைட்ராக்சிலும் வரும். துடிப்பான இந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் நிலைத்து நிற்பவை அல்ல. ஹைட்ராக்சிலின் ஆயுள் நொடியில் நூறு கோடியில் சில பங்குதான். செல்லை உடைத்து அளக்கப் போனால் கையில் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் உயிருள்ள செல்லுக்குள்ளேயே ஒளிர்சாயத்தை அனுப்புகிறார்கள்.

ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது டிசிஎஃப் சாயம். உள்ளே போகும்போது அதற்கு ஒளி கிடையாது. அதன் மேலுள்ள இரண்டு அசிடேட் தொகுதிகளின் உதவியால் செல் சவ்வைக் கடக்கும். உள்ளே இருக்கும் நொதிகள் அவற்றை வெட்டிவிட, எளிதில் வெளியேற முடியாமல் தங்கிவிடும். பிறகு ஆக்சிஜனேற்றம் அடைந்தால், நீல ஒளி பட்டதும் பச்சையாக ஒளிரும்.

சிக்கல் இங்கேதான். ஹைட்ரஜன் பெராக்சைடு தனியாக இந்தச் சாயத்தை மாற்றுவதில்லை. இரும்போ, சைட்டோகுரோம் சி புரதமோ, பெராக்சிடேஸ் நொதியோ துணைக்கு வேண்டும். செல் சாகும் தறுவாயில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி கசியும். அப்போது பெராக்சைடு கூடாமலே பச்சை கூடலாம். போதாததற்கு, சாயத்தின் இடைநிலை வடிவம் ஆக்சிஜனோடு வினைபுரிந்து புதிதாகச் சூப்பர் ஆக்சைடை உண்டாக்கும். அளக்க வந்த பொருளே அளக்கப்படுவதைப் பெருக்குகிறது. நுண்ணோக்கியின் விளக்கொளியே சாயத்தை ஆக்சிஜனேற்றி ஒளிர வைக்கவும் கூடும். இந்த ஒரு சாயத்தை மட்டும் நம்பி எழுதிய முடிவை ஏற்க முடியாது என்பதே என் கருத்து.

போரான் சேர்த்த சாயங்கள் இதைவிட மேல். பெராக்சைடு அவற்றின் போரான் பிணைப்பை நேரடியாகவே வெட்டுகிறது. ஆனால் பெராக்சிநைட்ரைட் என்ற வேறொரு மூலக்கூறு அதே வேலையைப் பன்மடங்கு வேகமாகச் செய்யும். அதை விலக்கிக் காட்டியாக வேண்டும்.

ரஷ்ய ஆய்வாளர்கள் 2006-இல் அறிவித்த ஹைப்பர் வேறு வகை. அது சாயமல்ல, புரதம். மரபணுவைக் கொடுத்தால் செல்லே தயாரித்துக்கொள்ளும். ஈ. கோலை பாக்டீரியா பெராக்சைடை உணரப் பயன்படுத்தும் புரதத்தின் ஒரு பகுதியை ஒளிரும் புரதத்தோடு இணைத்தார்கள். இரண்டு அலைநீளங்களில் தூண்டி, விகிதத்தைக் கணக்கிடுவதால், செல்லில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கைப் பெரிதாகக் குலைக்காது. அமிலத்தன்மை மாறினால் மட்டும் ஏமாற்றும்.

2009-இல் வரிக்குதிரை மீன் குஞ்சின் வால் துடுப்பை நறுக்கி, ஹைப்பர் வழியே பார்த்தார்கள். சில நிமிடங்களில் காயத்தின் விளிம்பில் பெராக்சைடு எழுந்து உள்நோக்கிப் பரவியது. வெள்ளையணுக்கள் அதன் பிறகே வந்து சேர்ந்தன. பெராக்சைடைச் சுரந்தவை அவையல்ல, காயம்பட்ட தோல் திசுவே. வெறும் கழிவு என்று பலர் எண்ணியிருந்த பொருள் அங்கே அழைப்புச் செய்தியாக வேலை செய்தது.

ஆகவே, சத்துமாத்திரை விளம்பரத்திலோ ஆய்வுக் கட்டுரையிலோ பச்சையாக ஒளிரும் செல் படத்தைக் கண்டால் கேளுங்கள்: எந்தச் சாயம், எந்த மூலக்கூறு, சரிபார்ப்புச் சோதனை செய்தார்களா?