"செக்கண்ட் கிளாஸோ?": பிரித்தானியப் பட்ட வகுப்புகளை எப்படி வாசிப்பது

கடந்த ஆண்டு ஜூலை மாதம் ஒருநாள் லண்டனில் இருந்து சித்தி வட்ஸ்அப்பில் அழைத்தார். மகளுக்குப் பல்கலைக்கழக இறுதிப் பெறுபேறு வந்துவிட்டது, "டூ வன்" என்றார். குரலில் அவ்வளவு சந்தோசம். பக்கத்தில் இருந்த அம்மம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: "டூ வன் எண்டால் என்ன மோனை?" இரண்டாம் வகுப்பு என்றேன். அம்மம்மாவின் முகம் வாடிவிட்டது. "செக்கண்ட் கிளாஸோ? கெட்டிக்காரப் பிள்ளை எண்டெல்லோ சொன்னவை."

அம்மம்மாவை விடுவோம். பிள்ளையை பிரித்தானியாவுக்கு அனுப்புவதற்காகக் காணியை ஈடு வைக்கும் பெற்றோரும், கொழும்பில் இருந்தபடியே 'பிரித்தானியப் பட்டம்' படிக்கப் பல இலட்சம் ரூபா கட்டும் மாணவர்களும் இந்த வகுப்பு முறையை அரைகுறையாகவே விளங்கிவைத்திருக்கிறார்கள். சரியாக விளங்குவதற்குள் இறுதியாண்டு முடிந்துவிடுகிறது.

பிரித்தானியாவில் இளமாணிச் சிறப்புப் பட்டத்துக்கு நான்கு படிகள் உண்டு. 70 புள்ளியும் அதற்கு மேலும் முதலாம் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, அதுதான் 2:1. 50 முதல் 59 வரை இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு, 2:2. 40 முதல் 49 வரை மூன்றாம் வகுப்பு. 2:2 எடுத்த பிள்ளைகள் அதை 'டெஸ்மண்ட்' என்று தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பதுண்டு. தென்னாபிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் பெயர் 'டூ டூ' என்று ஒலிப்பதுதான் பகிடி. மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் போன்ற பட்டங்களுக்குப் பொதுவாக இந்த வகுப்புகள் இல்லை.

எனவே சித்தியின் மகள் எடுத்தது மேலிருந்து இரண்டாவது படி. அங்கே அதிகமான மாணவர்கள் பெறுவதும் அதுவே. பட்டதாரிகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் 2:1 உடன்தான் வெளியேறுகிறார்கள்.

70 என்றால் ஏன் முதலாம் வகுப்பு?

எங்களுடைய சாதாரண தரப் பரீட்சையில் 75 எடுத்தால்தான் 'ஏ'. 70 வெறும் 'பி'. இந்தக் கணக்கிலேயே வளர்ந்த பெற்றோர், முதலாம் ஆண்டு ஒப்படைக்கு 62 வந்திருக்கிறது என்று கேட்டதும் பிள்ளை படிக்கவில்லை என்று பதறுகிறார்கள். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில், குறிப்பாகக் கலை, சமூக விஞ்ஞானத் துறைகளில், 100 புள்ளி அளவுகோலின் மேற்பகுதி அநேகமாக வெறுமையாகவே கிடக்கும். கட்டுரை ஒன்றுக்கு 80 போடுவது அரிது. 72 போட்ட விரிவுரையாளர் மாணவரை உண்மையாகவே பாராட்டுகிறார். கணிதம், பொறியியல் போன்ற பாடங்களில் விடை ஒன்றில் சரி அல்லது பிழை என்பதால் 85, 90 வருவதும் உண்டு. ஆகவே இரண்டு துறைகளின் புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஒரே புள்ளி, வேறு வகுப்பு

நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது இந்தப் பகுதியைத்தான்.

இங்கிலாந்தில் மூன்றாண்டுச் சிறப்புப் பட்டம் 360 கிரெடிட்கள் கொண்டது, ஆண்டுக்கு 120. ஒரு கிரெடிட் என்பது சுமார் 10 மணிநேரப் படிப்பு. முதலாம் ஆண்டில் சித்தியடைந்தால் போதும், அந்தப் புள்ளிகள் பெரும்பாலான இடங்களில் வகுப்புக் கணக்கில் சேர்வதில்லை. இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் புள்ளிகளே வகுப்பைத் தீர்மானிக்கின்றன. ஆனால் எந்த ஆண்டுக்கு எவ்வளவு எடை என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே வகுத்துக்கொள்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே சூத்திரம் இல்லை.

ஒரு மாணவிக்கு இரண்டாம் ஆண்டில் சராசரி 56, இறுதியாண்டில் 62 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுக்கும் சம எடை கொடுக்கும் பல்கலைக்கழகத்தில் அவருக்கு 59. அது 2:2. இறுதியாண்டுக்கு 60 சதவீத எடை கொடுக்கும் இடத்தில் 59.6, அங்கே கிட்டிய முழு எண்ணாக்குவார்களா இல்லையா என்பதில் அவருடைய வகுப்பு தொங்குகிறது. இறுதியாண்டுக்கு மூன்று மடங்கு எடை கொடுக்கும் இடத்தில் 60.5, அதாவது 2:1. பிள்ளையும் உழைப்பும் புள்ளிகளும் மாறவில்லை. மாறியது சூத்திரம் மட்டுமே.

இதற்கு மேல் எல்லைக்கோட்டு விதிகளும் இருக்கின்றன. சில இடங்களில், மொத்தச் சராசரி எல்லைக்கு ஓரிரு புள்ளி குறைவாக இருந்தாலும், பாதி கிரெடிட்களுக்கு மேல் உயர்ந்த வகுப்பில் எடுத்திருந்தால் மேலே ஏற்றிவிடுவார்கள். சில இடங்களில் மிகக் குறைந்த புள்ளி பெற்ற பாடம் ஒன்றைக் கணக்கில் இருந்து கழித்துவிடுவார்கள். வேறு சில பல்கலைக்கழகங்கள் இந்தச் சலுகைகளை எடுத்துவிட்டன. மீள்பரீட்சை எழுதினால் பொதுவாக 40 புள்ளிதான் உச்சம். எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்தப் பாடம் 40 என்றே கணக்கில் வரும். இறுதியாண்டு ஆய்வேடு 40 கிரெடிட் பெறுமதியாகவும் இறுதியாண்டுக்கு இரட்டை எடையும் இருந்தால், அந்த ஓர் ஆய்வேட்டில் மட்டும் முழுப் பட்டத்தின் 22 சதவீதம் தங்கியிருக்கிறது.

இவை எதுவும் இரகசியமல்ல. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் கல்வி ஒழுங்குவிதிகளிலும் எழுதப்பட்டிருக்கும். வாசிப்பவர்கள்தான் குறைவு. சுகவீனம், குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களுக்காகக் காலநீடிப்போ மறுவாய்ப்போ கேட்கும் ஏற்பாடும் அங்கு உண்டு, ஆனால் குறித்த திகதிக்குள் ஆதாரத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் செத்தவீடு நடக்கும்போது அங்கே தனியறையில் இருந்து ஒப்படை எழுதி, எவரிடமும் வாய் திறக்காமல் 48 எடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கேட்டால் "என்னெண்டு போய்ச் சொல்லுறது" என்பார்கள். பெறுபேறு வந்த பிறகு சொன்னால் பெரும்பாலும் எவரும் கேட்கமாட்டார்கள்.

எங்கிருந்து வந்தது

மாணவர்களைத் தரவரிசைப்படுத்தும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே கேம்பிரிட்ஜின் கணிதப் பரீட்சையில் இருந்தது. முதல் வகுப்பில் வந்தவர்களை 'ராங்லர்' என்றார்கள். முதலாவதாக வந்தவர் நாடறிந்த ஆள் ஆகிவிடுவார். கடைசியாக வந்தவருக்குச் சக மாணவர்கள் பெரிய மர அகப்பை ஒன்றைப் பரிசளிப்பார்கள். 1890ஆம் ஆண்டில் பிலிப்பா ஃபோசெட் என்ற மாணவி ஆண்கள் அனைவரையும் விட அதிக புள்ளி எடுத்தார். ஆனால் பெண்கள் அந்த வரிசையில் சேர்க்கப்படுவதில்லை என்பதால் 'முதல்வருக்கும் மேலே' என்று தனியாக அறிவித்தார்கள். பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுக்க கேம்பிரிட்ஜ் 1948 வரை காத்திருந்தது. 1909 உடன் இந்தத் தனித்தனித் தரவரிசை அறிவிப்பு நின்றுபோக, வகுப்புகள் மட்டும் எஞ்சின. ஒக்ஸ்போர்ட்டில் 1970களின் பிற்பகுதி வரை நான்காம் வகுப்பும் இருந்தது. இரண்டாம் வகுப்பை அங்கே மேல், கீழ் என்று பிரித்ததுகூட அதற்குப் பிறகுதான்.

இலங்கைக்கு இந்த முறை வந்த வழி நேரானது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே மாணவர்களைத் தயார்படுத்தியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது வகுப்புகளும் கூடவே வந்தன. இன்றும் நமது பல்கலைக்கழகங்களில் முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்றுதான் சொல்கிறோம். ஆனால் உள்ளே உள்ள கணக்கு மாறிவிட்டது. இங்கே பொதுவாக ஜீ.பி.ஏ. 3.70, 3.30, 3.00 என்பவையே எல்லைகள். சிறப்புப் பட்டத்துக்கு இங்கே நான்கு ஆண்டுகள், இங்கிலாந்தில் மூன்று. ஸ்கொட்லாந்தில் நான்கு. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது.

2:1 என்ற கதவு

நடைமுறையில் பிரித்தானியாவில் பெரிய கோடு முதலாம் வகுப்பில் இல்லை. 2:1க்கும் 2:2க்கும் இடையில் இருக்கிறது. நல்ல பல்கலைக்கழகங்களின் முதுமாணிக் கற்கைகள் பல 2:1 கேட்கின்றன. இலங்கையரும் விண்ணப்பிக்கும் செவனிங் புலமைப்பரிசிலும் பொதுவாக 2:1க்குச் சமமான பட்டத்தை எதிர்பார்க்கிறது. 59.4 எடுத்தவரும் 50.1 எடுத்தவரும் விண்ணப்பப் படிவத்தில் ஒரே பெட்டிக்குள் விழுகிறார்கள். 59.4க்கும் 60க்கும் இடையிலான வித்தியாசம், திருத்துபவர் ஒருவரின் அன்றைய மனநிலையை விடப் பெரியதல்ல.

இந்தக் குறை அவர்களுக்கும் தெரியும். லெஸ்டர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ரொபர்ட் பர்ஜஸ் தலைமையிலான குழு, இந்த வகுப்பு முறை இன்றைய தேவைக்குப் பொருந்தாது என்று 2007இலேயே அறிக்கை கொடுத்தது. மாணவரின் முழுப் பெறுபேற்றையும் விரிவாகக் காட்டும் ஆவணம் ஒன்றையும் பரிந்துரைத்தது. அந்த ஆவணம் சில பல்கலைக்கழகங்களில் வந்தது. வகுப்புகள் அசையவில்லை. தொழில்தருநர்களில் சிலர் அசைந்திருக்கிறார்கள்: பிறைஸ்வோட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனம் 2022இல் தனது பட்டதாரி வேலைகளுக்கு 2:1 கட்டாயம் என்ற நிபந்தனையைக் கைவிட்டது.

வகுப்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2023 கோடைகாலம் காட்டியது. சம்பளம், வேலை நிபந்தனைகள் தொடர்பாகப் பல்கலைக்கழக ஊழியர் சங்கம் ஏப்ரல் முதல் விடைத்தாள் திருத்துவதைப் பகிஷ்கரித்தது. 145 பல்கலைக்கழகங்கள் அதற்குள் வந்தன. பல மாணவர்கள் மேலங்கி அணிந்து பட்டமளிப்பு மேடையில் ஏறினார்கள், கையில் வகுப்பு இல்லை. முதுமாணி அனுமதியும் வேலையும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடந்தன.

முதலாம் வகுப்பு மலிந்துவிட்டதா?

இங்கிலாந்தில் 2010-11இல் நூற்றுக்குச் சுமார் 16 பேர் முதலாம் வகுப்பு எடுத்தார்கள். கொவிட் காலத்தில், 2020-21இல், அது 37 ஆனது. மாணவர்களின் புள்ளி பெருந்தொற்றால் குறைந்துவிடாதபடி பல்கலைக்கழகங்கள் போட்ட பாதுகாப்பு ஏற்பாடுகள் அதற்கு ஒரு காரணம். பின்னர் அது இறங்கி 2022-23 அளவில் 30ஐ ஒட்டி நிற்கிறது. இந்த ஏற்றத்தில் ஒரு பகுதியை மாணவர்களின் நுழைவுத் தகைமைகளால் விளக்க முடியாது என்று அரசின் உயர்கல்வி ஒழுங்குபடுத்துநர் அமைப்பு திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. பிள்ளைகள் முன்னரைவிட நன்றாகப் படிக்கிறார்கள், கற்பித்தலும் மேம்பட்டிருக்கிறது என்பது பல்கலைக்கழகங்களின் பதில். கட்டணம் கட்டும் மாணவரை மகிழ்விக்க வேண்டிய நெருக்கடியும் இதில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனாலும் இந்த மலிவு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதலாம் வகுப்பு அல்லது 2:1 பெறுவதில் வெள்ளையின மாணவர்களுக்கும் கறுப்பின, ஆசிய, ஏனைய சிறுபான்மை மாணவர்களுக்கும் இடையில் 13 சதவீதப் புள்ளி இடைவெளி இருந்தது. ஒரே நுழைவுத் தகைமையுடன் உள்ளே போனவர்களை ஒப்பிட்டாலும் இடைவெளி முழுதாக மறைவதில்லை. ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வளரும் நமது பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள்.

வகுப்பு அநீதியானது என்று தோன்றினால் என்ன செய்யலாம்? ஒக்ஸ்போர்ட்டில் 2000ஆம் ஆண்டில் 2:1 எடுத்த ஒருவர், மோசமான கற்பித்தலால்தான் தனக்கு முதலாம் வகுப்பு தவறியது என்று பல ஆண்டுகள் கழித்து வழக்குப் போட்டார். 2018இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவர் முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அலுவலகம் ஒன்று உண்டு, இலவசமாகவே விசாரிக்கிறது. முதலில் பல்கலைக்கழகத்தின் உள்மேன்முறையீட்டை முடித்து, அது முடிந்ததற்கான கடிதத்தைப் பெற்று, 12 மாதத்துக்குள் போக வேண்டும். விதிமுறை மீறப்பட்டதா என்று அவர்கள் பார்ப்பார்கள். உங்கள் கட்டுரைக்கு 58 சரியா 62 சரியா என்பதில் தலையிடமாட்டார்கள்.

கொழும்பில் படிப்பவர்களுக்கு

இங்குள்ள தனியார் நிறுவனங்கள் பலவற்றில் எச்.என்.டி. முடித்து, பின்னர் ஓராண்டு 'டொப் அப்' செய்து பிரித்தானியப் பட்டம் பெறும் வழி இருக்கிறது. அதில் வகுப்பு பெரும்பாலும் அந்த ஒரே ஆண்டின் 120 கிரெடிட்களில் இருந்தே கணிக்கப்படும். தவறவிட்ட ஒரு பாடத்தை ஈடுசெய்ய வேறு ஆண்டு இல்லை. ஆய்வேட்டை முடிக்காமல் விட்டால் சில வேளைகளில் 300 கிரெடிட்டுடன் சாதாரண பட்டம் மட்டும் கிடைக்கும். சான்றிதழில் 'சிறப்பு' என்ற சொல் இராது. விளம்பரப் பலகையில் இந்த வித்தியாசத்தை நான் இதுவரை கண்டதில்லை.

பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை சில. பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதை எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா, சான்றிதழில் சரியாக என்ன எழுதப்படும், வகுப்பைக் கணிக்கும் விதி எந்த ஆவணத்தில் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு வரவேற்பு மேசையில் பதில் தெரியாவிட்டால், அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் ஒழுங்குவிதிகளைத் தேடி நீங்களே வாசியுங்கள். முப்பது பக்கம் இருக்கலாம்.

சித்தியின் மகளுக்கு மொத்தச் சராசரி 61 என்று பிறகு தெரியவந்தது. இரண்டாம் ஆண்டில் 57 தான் எடுத்தாளாம். அம்மம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஃபெர்ஸ்ட் கிளாஸுக்கு இன்னும் ஒன்பது மார்க்ஸ்தானே வேணும்" என்றார்.