பழைய ஸ்போர்ட்ஸ் கார்: இப்போதே எடுப்பதா, பொறுப்பதா?

சங்க அலுவலகத்துக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். தராசு முத்திரைக்கு எப்போது போக வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தை எப்படிப் புதுப்பிப்பது, ஜி.எஸ்.டி. நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதுவது என்றுதான் கேட்பார்கள். 2025 தை மாதம், பொங்கல் வியாபாரம் ஓய்ந்த ஒரு மாலையில், மதுரை கீழமாசி வீதியில் புளி, மிளகாய், பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட கேள்வி வேறு.

"அண்ணாச்சி, ஒரு காரு பார்த்து வச்சிருக்கேன். ரெண்டே சீட்டு. பெங்களூரு வண்டி. பையன் போன்ல காட்டினான். இப்பவே எடுத்துரவா, பொறுத்தா விலை இறங்குமா?"

சிரிக்காமல் இருக்கச் சற்றுச் சிரமப்பட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். முப்பது வருடமாக ஸ்கூட்டரில் கடைக்கு வருபவர் அவர். ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை. பதினேழு வயதில் தகப்பனாரோடு கல்லாவில் உட்கார்ந்த காலத்தில், எண்ணெய் வியாபாரி கொடுத்த காலண்டரிலிருந்து ஒரு சிவப்புக் கார் படத்தை வெட்டி, கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்தாராம். பெட்டி போய்விட்டது, படம் மனதில் இருக்கிறது. இப்போது வயது 54. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, பையன் கடைக்கு வந்துவிட்டான். கையில் 26 லட்சம் இருக்கிறது. கார்க்காரர் கேட்பதும் 26 லட்சம்.

அவர் சம்மதத்தோடும், பெயர் போடாமலும் இதை எழுதுகிறோம். ஸ்போர்ட்ஸ் கார் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பழைய லோடு வண்டி வாங்கப் போகிறவருக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

முதலில், பொறுத்தால் விலை இறங்குமா என்பதைப் பார்ப்போம். கார் விலை எல்லா வயதிலும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் வண்டியின் மதிப்பைப் போட வைத்திருக்கும் அட்டவணையே இதற்கு நல்ல சாட்சி. ஷோரூமை விட்டு வந்த ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிக்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றில் 30, நான்கில் 40, ஐந்தில் 50. ஐந்து வருடம் தாண்டினால் அட்டவணையே கிடையாது. இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான். ஆகவே இரண்டு மூன்று வயது வண்டியைப் பார்த்துவிட்டு ஒரு வருடம் பொறுப்பவருக்கு நிச்சயம் லாபம் உண்டு. பத்து வயது வண்டிக்கு அப்படி இல்லை. விழ வேண்டியது ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதற்குமேல் விலையைத் தீர்மானிப்பது வண்டி இருக்கும் நிலைமையும், விற்பவரின் அவசரமும்தான். நம் உறுப்பினர் பார்த்தது 2014-ம் வருட வண்டி.

இன்னொரு பக்கமும் உண்டு. வருடம் பிறந்தால் வண்டிக்குக் காகிதத்தில் ஒரு வயது கூடிவிடுகிறது. டிசம்பர் 28-ல் பேசுகிற விலையை ஜனவரி 5-ல் விற்பவரால் பேச முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் வண்டி எடுப்பவர் குறைவு. விற்க வேண்டியவர் அந்த மாதங்களில் இறங்கி வருவார். ஆடியில் பேசி முடித்து ஆவணியில் சாவி வாங்குபவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். துணிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடி போடுவதும் இதே காரணத்தால்தானே.

சரி, வண்டியைப் பார்க்காமல் பேசிப் பயனில்லை என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் நாமும் பெங்களூருக்கு ரயில் ஏறினோம். வண்டி அழகுதான், அதில் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்தால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. எழுந்திருக்க அவர் கதவைப் பிடித்தார். நமக்கு ஒரு கையும் கொடுக்க வேண்டியிருந்தது.

பாக்கெட்டைத் திருப்பிப் பேக்கிங் தேதி பார்ப்பது நமக்குப் பழக்கம். டயருக்கும் அது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு, அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது. கடைசி இரண்டு, வருடம். இந்த வண்டியில் 0914 என்று இருந்தது. அதாவது 2014-ன் ஒன்பதாவது வாரம். வண்டி 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்ததால் பட்டன் தேயவில்லை. பார்க்கப் புது டயர் போலவே இருந்தது. நகத்தால் அழுத்தினால் கல். வேகமாகப் போவதற்கென்றே செய்த காரில் பதினோரு வருட ரப்பர்! குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்ற எண்ணம் இங்கே அடிபடுகிறது. நின்ற வண்டியில் டயர், பெல்ட், ரப்பர் குழாய், பேட்டரி எல்லாம் நின்றபடியே கெடும்.

அடுத்து வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற கார்கள் ஏராளம். அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்ச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். தண்ணீர் புகுந்த வண்டியில் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருக்கிறதா, ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஈரப்பதம் நிற்கிறதா என்றும் பாருங்கள். வாசனைத் திரவியம் தாராளமாக அடித்திருந்தாலும் சந்தேகப்படலாம். பச்சரிசி மூட்டையில் நனைந்த வாசனை தெரிந்துகொள்கிற மூக்குக்கு இது பெரிய வேலையில்லை. பெங்களூரு வண்டியில் அந்தக் குறை இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறோம்.

விற்பனைக்கு நின்ற தரகர், இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருகிறார், இப்போதே ஒரு லட்சம் முன்பணம் போட்டால் நிறுத்தி வைக்கிறேன் என்றார். நம் உறுப்பினர் நம்மைப் பார்த்தார். "ஒரே லாட்தான் மிச்சம் இருக்கு" என்று அவரே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! நம் வித்தையை நம்மிடமே காட்டுகிறார்கள்.

திரும்பும் வழியில் சிட்டையில் கணக்குப் போட்டோம். வண்டி 26 லட்சம். கர்நாடகப் பதிவு என்பதால் அங்கிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இந்த வரி உயர்ந்தது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். மூன்று லட்சம் ஒதுக்கினோம். நான்கு டயருக்கு ஒரு லட்சம். ஆயில், பெல்ட், பிரேக், பேட்டரி என்று முதல் சர்வீஸுக்கு 1,30,000. இன்சூரன்ஸ் 70,000. விற்பவருக்கு இருக்கும் நோ கிளெய்ம் போனஸ் அவரைச் சேர்ந்தது, வண்டியோடு வராது. ஆக 32 லட்சம். கையில் இருப்பது 26.

மிச்ச ஆறு லட்சத்தை பாங்கி ஓ.டி.யில் எடுத்துவிடலாம் என்றார். இந்த இடத்தில் நாம் கொஞ்சம் கடுமையாகவே பேசினோம். சரக்கின் பேரில் பாங்கி கொடுக்கும் பணம் சரக்குக்குத்தான். மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கிறோம். பணம் காரில் போய் உட்கார்ந்தால் அடுத்த புதுப்பித்தலில் லிமிட்டைக் குறைப்பார்கள். கடை பேரில் வாங்கினால் வரிச் சலுகை வருமே என்றார். அதுவும் இல்லை. லோடு வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு உண்டு. சொந்த உபயோகக் காருக்குக் கிடையாது. கடைக் கணக்கில் தேய்மானம் எழுதிய காரைப் பிற்பாடு விற்கும்போது, எழுதி மிஞ்சிய மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. தனி ஆள் தன் பேரில் இருக்கும் காரை விற்றால் அந்த வம்பு இல்லை. இன்னொன்று, இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி கூடாது. பாதி ரொக்கம் கேட்கும் விற்பனையாளரை விட்டு விலகிவிடுங்கள்.

ஆனால் இவ்வளவும் சில்லறை விஷயங்கள். பெரிய விஷயம் அந்த 26 லட்சம் எது என்பதுதான். அது தை மாதம். அடுத்த மாதம் மாசி. மாசி, பங்குனியில் புதுப்புளி இறங்குகிறது. தும்கூரிலும் இந்துப்பூரிலும் கொள்முதல் செய்து, குளிர்பதனக் கிடங்கில் போட்டு, வருடம் முழுதும் விற்பதுதான் அவர் பிழைப்பு. கிலோ 130 ரூபாய் என்று வைத்தாலும் 26 லட்சம் என்பது 20 டன் புளி. அந்தப் பணத்தைக் காரில் போட்டுவிட்டால், ஆவணியில் சில்லறைக் கடைக்காரர் புளிக்கு வரும்போது பக்கத்து மண்டியிலிருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை அப்படிக் கொடுத்தால் மூன்றாவது தடவை கடைக்காரர் நேரே பக்கத்து மண்டிக்கே போய்விடுவார். அந்த நஷ்டம் எந்தச் சிட்டையிலும் வராது.

புளி எப்போதும் ஏறும் என்று நாம் சொல்லவில்லை. இருப்பு வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் கீழமாசி வீதியில் உண்டு. என்றாலும் அது அவருக்குத் தெரிந்த சூதாட்டம்.

"அப்ப பொறுக்கச் சொல்றீங்க. பொறுத்தா எனக்கும்தானே வயசாகுது? அறுபதுல அந்த சீட்டுல இறங்கி ஏற முடியுமா?" என்று கேட்டார்.

இதற்கு நம்மிடம் சட்டென்று பதில் இல்லை. காரின் விலை இறங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். முழங்காலின் விலையை நாம் கணக்கில் எடுக்கவில்லை. பொறுப்பதற்கும் ஒரு செலவு உண்டு. ஆசையைத் தள்ளிப்போட்டே காலத்தைக் கழித்த பெரியவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்! அதனால் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புளிப் பணம் ஒரு சுற்று சுற்றித் திரும்பட்டும். அதில் கடைக்குத் தேவையானது போக நிற்பதையும், வீட்டுச் சேமிப்பையும் சேர்த்து, ஓ.டி.யைத் தொடாமல் எடுங்கள், இந்த வருடத்தைத் தாண்ட வேண்டாம் என்றோம். வீட்டம்மா கேட்டது இன்னும் நேரான கேள்வி: "எடுங்க. எங்க நிப்பாட்டுவீங்க?"

அவர் புளி போட்டார். பெங்களூரு வண்டி பங்குனிக்குள் விற்றுவிட்டது. ஒரு வாரம் அவர் நம்மிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு 2025 ஆகஸ்ட் 15 அன்று, ஜி.எஸ்.டி. குறையப் போகிறது என்று பிரதமர் சுதந்திர தின உரையில் அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் லோடு வண்டிகளுக்கும் 18 சதவீதம் என்றும், செஸ்ஸோடு சேர்த்து 45 முதல் 50 சதவீதம் வரை இருந்த பெரிய கார்களுக்கு 40 என்றும் ஆனது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி அதே இடத்தில் நிற்க முடியாது. அந்த ஒரு மாதத்தில் அவசரப்பட்டுப் பழைய லோடு வண்டி எடுத்த உறுப்பினர்கள் இரண்டு பேர் இன்றும் வருத்தப்படுகிறார்கள். இதை முன்கூட்டியே அறிந்து பொறுக்கச் சொன்னோம் என்று நாம் பெருமை பேச வழியில்லை, அது அதிர்ஷ்டம்.

கார்த்திகையில் கோயம்புத்தூரில் ஒரு வண்டி வந்தது. கரிவரதன் பந்தயக் கார் கட்டிய ஊர், செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை இருக்கும் ஊர். இந்த மாதிரி வண்டிகளை அவிழ்த்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் அங்கே கிடைப்பார். விற்பவருக்கு வேண்டாத தனி மெக்கானிக் ஒருவருக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்து, லிப்டில் ஏற்றி அடியில் பார்க்கச் சொன்னோம். 2016 வண்டி, தமிழ்நாட்டுப் பதிவு, ஒரே உரிமையாளர், டயர் 2023. வாகன் தளத்தில் கடன் பாக்கி, அபராதம் எதுவும் இல்லை. இருபத்து மூன்றரை லட்சத்துக்கு முடிந்தது, முழுவதும் பாங்கி வழியாக. பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள் அன்றே கையெழுத்தாயின. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றினோம். இதைத் தள்ளிப்போட்டு விபத்தில் மாட்டியவர்கள் உண்டு. பதிவு 2031 வரை இருக்கிறது. 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று, இறக்குமதிக் காருக்கு 40,000. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று செய்த வண்டி இல்லை என்பதால் ரப்பர் குழாய்களை மட்டும் வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

வண்டி இப்போது திருமங்கலம் ரோட்டில் மைத்துனர் ஷெட்டில் நிற்கிறது. கீழமாசி வீதிக்குள் கொண்டுவர வழியில்லை. முதல் வேகத்தடையிலேயே அடி தட்டும், மிச்சத்தைக் கைவண்டிக்காரர் பார்த்துக்கொள்வார். கடைக்கு அதே ஸ்கூட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வீட்டம்மாவை உட்கார வைத்துக்கொண்டு விருதுநகர் வரை நான்குவழிச் சாலையில் போய், காப்பி குடித்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்பிவிடுகிறார். போன வாரம் நம்மையும் அழைத்தார். இரண்டே சீட்டு என்பதால் வீட்டம்மா அன்று வரவில்லை. இறங்கும்போது இந்தத் தடவை கை கொடுக்க வேண்டியிருந்தது நமக்குத்தான்.